நாலாம் மாடியில் ஒரு சப்பை

கீழ்க்கட்டளையில் இறங்கி ஞானையா வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். சப்பை ஞானையா என்று கேட்டுப் பாருங்கள், வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போவார்கள். மாட்டுக்கறிக் கடையில் சப்பை என்றால் முன்னங்கால் உடம்போடு சேருகிற இடம், தோள்பட்டை. டீக்கடையில் நிற்கிற இளவட்டங்களுக்குச் சப்பை என்றால் ஒன்றுக்கும் உதவாத சமாச்சாரம். ஐம்பத்து நாலு வயது ஞானையா முதல் அர்த்தத்துக்குள் முப்பத்தோரு வருஷமாகக் கத்தியை விட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டாவது அர்த்தத்தில் அவரை நடத்துகிறவர்களுக்கும் ஊரில் பஞ்சமில்லை.

அவருடைய அப்பா பல்லாவரத்தில் தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று காலம் தள்ளியவர். மாட்டின் மேல்தோலோடு அவர் வாழ்க்கை முடிந்துபோனது. மகன் ஒரு அங்குலம் உள்ளே போய்க் கறியைத் தொட்டார். தலைமுறைக்குத் தலைமுறை முன்னேற்றம் என்று மேடையில் பேசுகிறார்களே, அது அந்தக் குடும்பத்தில் இந்த அளவுக்கு நடந்தது.

முதல் பத்து வருஷம் அறுப்புக்கூடம். வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் கையில் ரம்பத்தைக் கொடுத்து முன்னங்காலைக் கழற்றச் சொன்னார்கள். ஞானையா எலும்பைத் தேடித் தேடி அறுத்தார். கூடம் மொத்தமும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. அங்கே எலும்பே கிடையாது என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். மனிதனுக்குக் கழுத்துக்குக் கீழே குறுக்காகக் காறை எலும்பு ஓடுகிறது. கையை உடம்போடு மாட்டிவைத்திருக்கிற கொக்கி அதுதான். மாட்டுக்கு அது இல்லை. ஆட்டுக்கும் குதிரைக்கும் இல்லை. நாய்க்கும் பூனைக்கும் பேருக்கு ஒரு துணுக்கு சதைக்குள் கிடக்கும், அவ்வளவுதான். இத்தனை பெரிய மாட்டின் முன்பாதி இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே தூளியில் போட்ட பிள்ளை மாதிரி வெறும் சதையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. தூளி அறுந்தால் பிள்ளை கீழே. கத்தி ஒன்று போதும், ரம்பம் வேண்டாம்.

அன்று பட்ட அவமானத்தில் ஞானையா சப்பையைப் படிக்க ஆரம்பித்தார். ஒன்பதாம் வகுப்பில் தோற்றவர் இதில் தோற்கவில்லை. தட்டையான தோள்பட்டை எலும்பின் நுனியில் ஆழமில்லாத ஒரு குழி இருக்கும். மேல்கால் எலும்பின் தலையோ அதைவிடப் பெரிய உருண்டை. சின்னக் கிண்ணத்தில் பெரிய எலுமிச்சம்பழத்தை வைத்த மாதிரி. மற்ற மூட்டுகளில் இரண்டு பக்கமும் நார்க்கயிறு போட்டு இறுக்கியிருக்கும். இங்கே அப்படிச் சொல்லிக்கொள்கிற கயிறும் இல்லை. தோள்பட்டை முகட்டுக்கு முன்னால் ஒரு சதை, பின்னால் ஒரு சதை, உள்பக்கம் பாய் விரித்த மாதிரி ஒன்று, எதிரே பள்ளத்தில் கிணற்றுக் கயிறாக ஓடுகிற இன்னொன்று. இந்த நாலும் சேர்ந்து உருண்டையைக் குழிக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எந்தப் பக்கமும் சுழல வேண்டிய மூட்டை முன்னும் பின்னுமாக மட்டும் ஆட விடுவதும் இவைதான். ஞானையா இவற்றுக்கு முன்மேடு, பின்மேடு, பாய், கப்பிக்கயிறு என்று தாமே பெயர் வைத்துக்கொண்டார். தூளியாக உடம்பைத் தாங்குகிற அகலச் சதைக்கு விசிறி. மருத்துவக் கல்லூரியில் வேறு பெயர் இருக்கும். அவர் பெயர் வைத்ததைப் பற்றி அந்தச் சதைகள் புகார் செய்யவில்லை.

கூடத்தை விட்டுக் கீழ்க்கட்டளைக் கடைக்கு வெட்டுக்காரராக வந்த பிறகும் இதே கதைதான்.

"அண்ணா, சப்பை அரை கிலோ."

"சப்பைல எது?"

"சப்பைல இன்னா எது? சப்பைதான்."

"வறுவலுக்கா, பிரியாணிக்கா?"

"நீ இன்னா அண்ணா, கறி கேட்டா வாத்தியார் மாரி கேள்வி கேக்குற? வூட்ல பொண்டாட்டி கேக்குறது பத்தாதா?"

கறியைப் புரட்டிப் பார்த்தே அந்த மாடு எப்படி வந்தது என்று சொல்லிவிடுவார். லாரியில் விழுந்து எழ முடியாமல் கிடந்தே வந்த மாடு என்றால், கீழே அமுங்கிய பக்கத்துச் சப்பை ஒருபுறம் வெந்த மாதிரி வெளுத்தும் ஒருபுறம் ரத்தம் கட்டிக் கறுத்தும் இருக்கும். மாடு உயிரோடு இருக்கும்போதே அதன் எடையே அதன் சதையைச் சாகடித்திருக்கும். அதை விற்காமல் தனியே தள்ளிவிடுவார். முதலாளி திட்டுவார். ஞானையா காதில் வாங்கமாட்டார்.

இப்படிப்பட்டவரிடம் முப்பத்தோரு வருஷத்தில் யாரும் ஒரு தோளைச் சேர்த்துவைக்கச் சொல்லிக் கேட்டதில்லை. பிரிப்பதற்கு மட்டுமே கூப்பிட்டார்கள். சேர்ப்பதற்கு முதன்முதலாகக் கூப்பிட்டவள் பேபி.

பேபி அடுத்த தெரு. நாற்பத்தைந்து வயது. தனி ஆள். அவளிடம் இருந்தது ஒரு குட்டை நாட்டுப் பசுவும் அதன் கன்றும். வீட்டில் பசுவின் பெயர் குள்ளி. விசிட்டிங் கார்டில் காமதேனு. மேடவாக்கம் பக்கம் எழும்பிக்கொண்டே இருக்கிற அடுக்குமாடிகளில் கிரகப்பிரவேசத்துக்குப் பசுவையும் கன்றையும் முதலில் உள்ளே விடவேண்டும் என்பது சம்பிரதாயம். நாலாம் மாடிக்கும் ஒன்பதாம் மாடிக்கும் பசு எப்படிப் போகும் என்று சம்பிரதாயத்தில் எழுதிவைக்கவில்லை. மற்றவர்களின் மாடுகள் கேட்டோடு நின்றுவிடும். குள்ளி சாமான் ஏற்றுகிற லிஃப்ட்டுக்குள் அடங்கும். மூக்கு பின்சுவரில் இடிக்க, வால் நுனி கதவுக்கு உள்ளே ஒதுங்க, மணியோசை கூட எழுப்பாமல் மேலே போகும். அதனால் முகூர்த்த நாளில் பேபிக்குக் குளிக்க நேரமிருக்காது. குள்ளி கால் வைத்த வீடுகள் முந்நூறுக்கு மேல். பேபியின் வீட்டுக்குக் கூரை தகரம்.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில், விடிந்து சற்று நேரத்தில், குமரேசன், சுபத்ரா தம்பதியின் நாலாம் மாடி வீட்டுக்குள் குள்ளி வலதுகாலை எடுத்துவைத்தது. இருவருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தரை முகம் பார்க்கிற மாதிரி வழவழத்தது. வந்த மாடு வீட்டுக்குள் கோமியம் விட்டால் விசேஷம் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். குள்ளி ஏமாற்றவில்லை. கைதட்டல் கேட்டது. வீடியோக்காரர் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, என்ட்ரி சரியா விழல. மாட்டை வெளிய கூட்டினு போயி இன்னொரு வாட்டி உள்ள விடுங்க."

"வழுக்குது சார். தொடச்சிட்டு விடலாம்."

"தொடச்சா விசேஷம் போயிடும்ல?" என்றாள் சுபத்ரா. அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

இரண்டாவது என்ட்ரியில் குள்ளியின் இடது முன்னங்கால் விசேஷத்தின் மேல் பட்டது. கால் பக்கவாட்டில் ஓடியது. முன்னும் பின்னும் ஆடத் தெரிந்த மூட்டுக்குப் பக்கவாட்டில் ஓடத் தெரியாது. மார்பு தரையில் மோத, காலை உடம்புக்கு அடியில் வாங்கிக்கொண்டு மாடு விழுந்தது. வீடியோ இந்த முறை சரியாக விழுந்திருந்தது.

பேபி போட்ட போனில் ஞானையா கடைச் சாவியைப் பக்கத்துக் கடையில் எறிந்துவிட்டு வண்டியை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கறிக்கடைக்காரர் கடையைத் திறக்காமல் போவது என்றால் அது செத்த வீடாக இருக்கவேண்டும். கேட்டில் செக்யூரிட்டி பிரிட்டோ நோட்டை நீட்டினான்.

"எதுக்கு வந்துகீறீங்கன்னு எழுதணும்ண்ணே."

"மாடு பாக்க."

பிரிட்டோ 'மாட்டு டாக்டர்' என்று எழுதினான். இன்டர்காமிலும் அதையே சொன்னான். ஞானையா லிஃப்ட்டில் நாலாம் மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் படிக்காமலே டாக்டராகிவிட்டார். சுபத்ரா வெள்ளி டம்ளரில் காபி கொண்டுவந்தாள். "டாக்டர் சார், ஷூ கழட்ட வேண்டாம், பரவாயில்ல." அவர் காலில் ரப்பர் செருப்பு.

ஞானையா காபியைக் குடித்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு தோள் சூடாக இருந்து அவர் கைபட்டது முப்பத்தோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. தடவத் தடவத் தோலுக்குக் கீழே சதை துடித்தது. கத்தி இல்லாத கை எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறியது. பிறகு முகட்டைப் பிடித்தது. முன்மேடு, பின்மேடு சரி. உருண்டை இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம் விழவில்லை, அதுவும் சரி. காலை மெல்ல ஆட்டிப் பார்த்தார். எலும்போடு எலும்பு உரசும் சத்தம் இல்லை. அக்குள் பக்கம் கையை விட்டதும் மாடு முனகியது.

"இன்னாண்ணா?" என்றாள் பேபி. "நிக்குமா?"

"நிக்கும். சப்பைதான். எலும்பு குழிக்குள்ள நிக்குது. உள்பக்கம் தூக்கிப் புடிக்கிற கறி கொஞ்சம் கிழிஞ்சிகீது." பிறகு குமரேசனைப் பார்த்து, "சார், எட்டுப் பேரு வேணும். இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் பொரட்டணும். கோணிப்பை, மணலு. ரெண்டு முன்னங்காலையும் விரியாத மாரி சேத்துக் கட்டணும். ரெண்டு மணிக்கொரு தபா திருப்பிப் போட்டா சாயங்காலம் அதுவே எழுந்துக்கும். அது வரிக்கும் நெஞ்சு மேலயே உக்காந்திருக்கணும். பக்கவாட்டுல சாய உட்டோம்னா வயிறு ஊதிடும். அப்புறம் மூச்சு முட்டிரும்."

சொன்னதோடு நிற்காமல் கையில் அகப்பட்டதை வைத்து முட்டுக்கொடுத்தார். அகப்பட்டது புது சோபாவின் மெத்தைகள் இரண்டு. குமரேசன்தான் எடுத்துக் கொடுத்தான். டாக்டர் கேட்கும்போது மறுக்க முடியுமா? மாடு மார்பின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்தது. கன்று அதன் காதை நக்கியது. மணி ஏழரை. எட்டுப் பேரும் மணலும் வந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லாமல் போயிருக்கும்.

குமரேசன் எட்டுப் பேரைக் கேட்டுக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினான்: 'டாக்டர் பார்த்துவிட்டார். மாட்டுக்குச் சப்பை. உதவிக்கு எட்டுப் பேர் தேவை.'

ஏழாம் மாடியில் ஒரு மனிதர் தேடுபொறியில் 'மாடு சப்பை' என்று தட்டினார். இங்கேதான் தமிழ் தன் மூன்றாவது அர்த்தத்தை வெளியே எடுத்தது. சப்பை நோய் என்று மாடுகளுக்கு ஒரு கொடிய வியாதி உண்டு. தொடையிலும் தோளிலும் சதை வீங்கி, ஒன்றிரண்டு நாளில் மாடு செத்துவிடும். செத்ததை அறுக்கக் கூடாது, ஆழக் குழிவெட்டிப் புதைக்கவேண்டும். ஏழாம் மாடிக்காரர் இத்தனையையும் ஒட்டிக் குழுவில் போட்டார். மண்ணிலிருந்து மாட்டுக்கு வருகிற நோய், மாட்டிலிருந்து மனிதனுக்குத் தொற்றாது என்று அதே பக்கத்தில் கீழே போட்டிருந்தது. கீழே வரை யார் படிக்கிறார்கள்?

பத்து நிமிஷத்தில் நாலாம் மாடியில் எட்டுப் பேர் இல்லை, யாருமே இல்லை. விருந்தாளிகள் தாம்பூலப் பை கூட வாங்காமல் இறங்கினார்கள். ஒருவர் மட்டும் முகக்கவசத்தோடு ஏறி வந்தார். குடியிருப்புச் சங்கச் செயலாளர் கேசவன்.

கேசவனைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த அடுக்குமாடி நிற்கிற இடம் அவருடைய அப்பாவின் களத்துமேடு. அப்பா நாலு ஜோடி ஏர்மாடு கட்டியவர். அதில் ஒன்றுக்கு வாய்க்காலில் கால் விரிந்து சப்பை இறங்கியபோது, அப்பாவும் பத்து வயதுக் கேசவனுமாக வைக்கோல் பரப்பி, திருப்பித் திருப்பிப் போட்டு, எண்ணெய் நீவி, இருபதாம் நாள் ஏரில் பூட்டினார்கள். நிலம் கொடுத்ததற்குக் கேசவனுக்கு நாலு வீடு கிடைத்தது. நாலு வீட்டோடு நடந்ததையெல்லாம் மறந்துவிடுகிற வசதியும் கிடைத்தது. சங்கக் கூட்டத்தில் தம் குடும்பத் தொழில் ரியல் எஸ்டேட் என்று சொல்லிக்கொள்வார்.

"டாக்டர், உங்க ரெஜிஸ்டர் நம்பர் சொல்லுங்க. சர்க்குலர்ல போடணும்."

"இன்னா நம்பரு சார்? வண்டி நம்பரா?"

"நீங்க எந்த காலேஜ்?"

"காலேஜா? நான் கீழ்க்கட்டளை சார். கறிக்கடை."

"என்ன கறி?"

ஞானையா குள்ளியைப் பார்த்தார். பேபியைப் பார்த்தார். கோழி என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துக்கு அவருக்குப் பொய் வரவில்லை.

"மாட்டுக்கறி."

சுபத்ரா வெள்ளி டம்ளரைக் கழுவப் போடவில்லை. இரண்டு விரலால் தூக்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். குமரேசன் தரையைப் பார்த்துக்கொண்டு, "சார், நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்ல?" என்றான். முன்னாடி அவரை யாரும் கேட்கவில்லை.

"யோவ், எழுந்திரு மொதல்ல. மாட்டை விடு," என்றார் கேசவன்.

"சார், என்னை இன்னா வேணா சொல்லிக்க. இது அந்த நோவு கெடயாது. அதுன்னா தோலுக்குள்ள காத்து ஏறிகினு அமுக்கினா நறநறங்கும். இது விழுந்த அடி. சப்பைன்னா இந்த எடம் சார், இந்த எடம்." தம் தோளையே அறைந்து காட்டினார்.

பேபி கேசவன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கண்ணா. உங்கப்பா ஏர்மாடு வெச்சிருந்தவரு. எங்கம்மா உங்க களத்துல நெல்லு தூத்திகீறாங்க. சப்பைன்னா இன்னான்னு உங்களுக்குத் தெரியாதா?"

குமரேசனும் சுபத்ராவும் கேசவனைப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மாட்டின் கால் கிடந்த கோணத்தை அவர் கண் ஒரு கணம் அளந்தது. எந்தப் பக்கம் புரட்டவேண்டும் என்று அவர் கைக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"எனக்கு இந்த மாடு கீடெல்லாம் தெரியாதும்மா. நாங்க ரியல் எஸ்டேட்."

அதன் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. ஃபிளாட்டைப் பூட்டுவது, சாவி செயலாளரிடம், தாம்பரத்திலிருந்து நிஜ டாக்டர் வரும் வரை யாரும் உள்ளே போகக் கூடாது. ஞானையாவும் பேபியும் கன்றோடு கேட்டுக்கு வெளியே. கதவைச் சாத்தப் போன கடைசி நிமிஷத்தில் சுபத்ராவுக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

"அந்த குஷன்ஸ். அது வாஷ் பண்ண முடியாத ஃபேப்ரிக்குங்க."

"வேணாம்மா, அத்த மட்டும் எடுக்காதீங்க," என்றார் லிஃப்ட்டுக்குள் நின்ற ஞானையா. "சாஞ்சிடும்மா."

குமரேசன் கையுறை போட்டுக்கொண்டு ஒன்றை உருவினான். பிறகு மற்றதை. லிஃப்ட் கதவு மூடுகிற இடைவெளியில், மாடு மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்து படுப்பதை ஞானையா பார்த்தார். அவ்வளவுதான் பார்க்க முடிந்தது.

கேட்டில் அவர் சும்மா இருக்கவில்லை. பிரிட்டோவின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். "தம்பி, ஒரே ஒரு வாட்டி மேல போய் நிமுத்தி உட்டுட்டு வந்துடறேன்."

"சாவி செகரட்டரிகிட்டண்ணே. உன்ன உள்ள உட்டா எனக்குச் சீட்டு கிழிஞ்சிரும்."

"கதவாண்ட நின்னு மூச்சு உடுதான்னாவது கேட்டுட்டு வா."

"பேஜாரு பண்ணாதண்ணே. கேமரா கீது."

கன்று கத்தியது. நாலாம் மாடியிலிருந்து பதில் வந்தது. கன்று கத்த, மாடு பதில் சொல்ல, அது ஒன்பது மணிக்கு மேலும் நடந்தது. சங்கக் குழுவில் ஒருவர் இரைச்சலைப் பற்றிப் புகார் எழுதினார். பத்தே காலுக்குக் கன்று கத்தியது. பதில் வரவில்லை. இன்னொரு தடவை கத்தியது. பேபி கன்றின் வாயைக் கையால் பொத்தினாள். இரைச்சலைப் பற்றிப் புகார் எழுதியவர் நன்றி என்று எழுதினார்.

டாக்டர் ஜீவிதா நாய், பூனை பார்க்கிறவர். பத்து இடங்களில் கேட்டு யாரும் கிடைக்காமல் கடைசியில் அவரைப் பிடித்தார்கள். இரண்டு மணிக்கு வந்து கதவைத் திறக்கச் சொன்னார். மாடு மத்தளம் மாதிரி ஊதி விறைத்துக் கிடந்தது. அடியிலிருந்த இடதுகால் பக்கவாட்டில் கம்பாக நீட்டிக்கொண்டிருந்தது.

"சப்பை நோய்னு யார் சொன்னது? அதுக்கு ஒரு அறிகுறியும் இல்லையே. வயிறு ஊதி மூச்சடைச்சுச் செத்திருக்கு. இப்படிப் படுக்க விடலாமா? அண்டக் கொடுத்து உக்கார வைக்க ஒருத்தருக்கும் தோணலையா?"

சோபா மெத்தைகள் பால்கனியில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

"தோள் என்ன ஆச்சு மேடம்? முறிஞ்சிருந்ததா?" கேசவன் கேட்டார்.

"விறைச்சுப்போச்சு. இப்ப தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. முறிஞ்சிருக்கலாம், சதை கிழிஞ்சும் இருக்கலாம். முறிஞ்சிருந்தா எழுந்திருக்கறது கஷ்டம்தான். சதைதான்னா திருப்பிப் போட்டிருந்தாலே எழுந்திருக்கும்." ஜீவிதா கீழே வந்து பேபியின் கையைப் பிடித்துக்கொண்டு இதையே இன்னொரு தடவை சொன்னார். பிறகு வேறொரு வீட்டு லாப்ரடாருக்கு நேரமாகிவிட்டது.

அதன் பிறகு ஆறு பேர் இருந்தார்கள். மணல் மூட்டை கூட எங்கிருந்தோ வந்தது. காலையில் எட்டுப் பேர் கிடைக்காத இடத்தில், செத்த மாட்டை இறக்க ஆறு பேர் தானாகவே வந்தார்கள். ஆனால் லிஃப்ட் வாசலில் அந்தக் கால் குறுக்கே நின்றது. நெட்டாகப் பார்த்தார்கள், குறுக்காகப் பார்த்தார்கள். படிக்கட்டுத் திருப்பத்திலும் அதே கால். சாயங்காலம் வேறொரு ஃபிளாட்டில் பிறந்தநாள் விழா. கேட் நோட்டில் எழுதியிருந்த நம்பருக்குக் கேசவனே போன் போட்டார். டாக்டர் என்று ஆரம்பித்து யோவ் வரை வந்திருந்த மரியாதை இன்னொரு ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

"ஞானையா அண்ணா, கேட்லதான இருக்கீங்க? ஒரு சின்ன வேலை. நீங்கதான் இதுல எக்ஸ்பர்ட்."

ஞானையா போனை வைத்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். பேபி சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ போனா வேற எவனாச்சும் கோடாலி எடுத்துனு வருவான். நீ பண்ணு அண்ணா. நோவாம பண்ணு."

செத்ததற்கு நோகாது என்று அவர் சொல்லவில்லை. கடையிலிருந்து கத்தியை எடுத்துவந்தார். ஒரே ஒரு கத்தி.

பாலித்தீன் விரித்திருந்தார்கள். உயிர் இல்லாத உடம்பில் ரத்தம் பாயவில்லை, கசிந்தது. மாட்டைப் புரட்டச் சொல்லி, காலைத் தூக்கிப் பிடித்து, அக்குளில் கத்தியை விட்டார். மார்புச் சதை திறந்தது. ரம்பம் வேண்டியிருக்கவில்லை, எப்போதும் வேண்டியிருக்காது. பத்து நிமிஷ வேலை. ஆனால் ஆறாவது நிமிஷத்தில் கத்தி நின்றது. கீழே அமுங்கிக் கிடந்த பக்கத்துச் சதை அவர் எதிர்பார்த்த மாதிரியே வெளுத்தும் கறுத்தும் இருந்தது. அது கிடந்ததால் வந்தது. விழுந்ததால் வந்தது எங்கே என்று தேடினார். விசிறிச் சதையில் ஓரமாக ஒரு கிழிசல். நாலு விரலை வைத்தார், மூடிக்கொண்டது. அவ்வளவுதான். எலும்பில் கீறல் கூட இல்லை. உருண்டை குழிக்குள் அழகாக உட்கார்ந்திருந்தது. இதே மாதிரி கிழிந்து தானே ஒட்டிக்கொண்ட தழும்புகளை எத்தனையோ சப்பைகளில் அவர் பார்த்திருக்கிறார். பத்து நாள், மிஞ்சினால் பதினைந்து நாள்.

காலையில் தொட்டுப் பார்த்துச் சொன்னதை இப்போது கண்ணால் பார்த்தார். அவர் சொன்னது அத்தனையும் சரி. முப்பத்தோரு வருஷப் படிப்புக்கு இப்படி ஒரு பரீட்சை வந்து, முழு மதிப்பெண்ணும் வந்தது. பார்க்க யாரும் அங்கே இல்லை. வேலை முடியட்டும் என்று எல்லோரும் பக்கத்து அறையில் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பிறந்தநாளுக்கு வருகிற குழந்தைகள் பார்த்துவிடக் கூடாது என்பதால் காலை வைக்கப் பெட்டி தேடினார்கள். ஐம்பத்தைந்து அங்குல டிவி வந்த அட்டைப்பெட்டி சரியாக இருந்தது. மாடு தனியாக லிஃப்ட்டில் இறங்கியது. டிவி பெட்டியை ஞானையா தாமே தூக்கிக்கொண்டு படியில் இறங்கினார். குட்டியானை வண்டி கேட் ஓரமாகக் காத்திருந்தது. உள்ளே உடம்புக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தார். உடம்பின் மேல் கோணி போர்த்தியிருந்தார்கள். காலையில் அவர் கேட்ட கோணி.

பேபி வண்டிப் பக்கம் போகவில்லை. அவர் முன்னால் வந்து நின்றாள். கேசவன் நாலு எட்டு தள்ளி நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள பாத்தியாண்ணா?"

"பாத்தேன்."

"நீ சொன்ன மாரி திருப்பிப் போட்டிருந்தா எழுந்திருக்குமா? நான் அழ மாட்டேன், சொல்லு. நான்தான அவனுங்க சொன்னதும் கையக் கட்டினு கீழ வந்தேன். பூட்ட ஒடச்சிருக்கணும்ல நானு? எழுந்திருக்குமாண்ணா?"

ஞானையா அவள் முகத்தைப் பார்த்தார். காலையில் வராத பொய் இப்போது வந்தது.

"இல்லம்மா. நான் சொன்னது தப்பு. எலும்பு தூள்தூளா போயிருந்துச்சு. யாரு இன்னா பண்ணியிருந்தாலும் அது எழுந்திருக்காது. நீ பூட்ட ஒடச்சிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

பேபி தலையை ஆட்டினாள். அவள் தோள் கொஞ்சம் கீழே இறங்கியது.

கேசவன் போனிலிருந்து தலையை நிமிர்த்தினார். அந்தக் கால் கிடந்த கோணத்தைக் காலையிலேயே அளந்த மனிதர் அவர். எலும்பு தூளானால் கால் அப்படிக் கிடக்காது என்று அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. முகக்கவசத்தைக் கீழே இறக்கிக்கொண்டு அருகில் வந்தார். காலையிலிருந்து இப்போதுதான் அவர் முகம் தெளிந்தது.

"ஞானையா அண்ணா, இப்ப சொன்னீங்கள்ல, எலும்பு தூளாப் போச்சு, யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு. அதை இன்னொரு தடவை சொல்லுங்க. குரூப்ல போடணும், காலையிலேர்ந்து ஆளாளுக்குக் கேக்கறாங்க. பேர், எத்தனை வருஷ அனுபவம், எல்லாம் சேத்துச் சொல்லிடுங்க." போனை அவர் வாய்க்கு நேரே நீட்டினார்.

பேபி பக்கத்திலேயே நின்றாள். கன்று அவள் புடவை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது.

"என் பேரு ஞானையா," என்று ஆரம்பித்தார்.

"கொஞ்சம் சத்தமா," என்றார் கேசவன்.